தொட்டியில் எவ்வளவு தண்ணீர்?

பாம்பு கடித்துப் பிழைத்தவனிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "எம்மாம் நீளம்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அடிச்சீங்களா, வுட்டுட்டீங்களா?" உடம்பு எப்படி இருக்கிறது என்பது ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வரும். ஒரு வருடமாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பாம்பு மூன்றடி இருக்கும். அடிக்கவில்லை. இனிமேல் கேட்கிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பாம்புக்காக இல்லை. தாகத்துக்காக. அதோடு, ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு விஷயத்தை இதுவரை யாரிடமும், என் மனைவி தவமணியிடம்கூட, நான் சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

நான் கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார். பெயர் ஏழுமலை. வீடு சின்னசேலத்தில். தவமணி அங்கேயே ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பத்தாம் வகுப்புக்கு நான் நடத்தும் பாடங்களில் முதல் உலகப் போர் உண்டு. அதில் வெர்டூன் என்ற ஊரைச் சுற்றியிருந்த கோட்டைகளுக்காக பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் பத்து மாதம் முட்டிக்கொண்ட கதை வரும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நான் நாலு நாள் எடுத்துக்கொள்வேன். "ஏழுமலை சார் இன்னும் வெர்டூன தாண்டலியா?" என்று தலைமை ஆசிரியர் கேட்காத வருடம் கிடையாது.

லட்சக்கணக்கில் ஆள் செத்து, பத்து மாதம் கழித்துப் பார்த்தால் எல்லைக்கோடு கிட்டத்தட்ட ஆரம்பித்த இடத்திலேயே கிடக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செம்மண்ணில் அந்த மலைகளையும் கோட்டைகளையும் அவர்களை விட்டே கட்டச் சொல்வேன். பதுங்கு குழிக்கு மண்வெட்டியால் ஒரு கொத்து, சுவருக்குச் செங்கல் துண்டு. இருப்பதிலேயே சின்னக் கோட்டைக்கு வோ என்று பெயர். அந்தக் கோட்டையின் சுரங்க வழிக்கு, குழாய் பதித்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஓர் உடைந்த சிமெண்ட் குழாயைப் புதைத்திருந்தோம்.

வோ கோட்டைதான் எனக்குப் பிடித்தது. ஜெர்மன்காரர்கள் அதன் கூரையிலேயே ஏறிவிட்டார்கள். பிறகு உள்ளேயும் இறங்கினார்கள். ஒரே சுரங்க வழியில் இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் அவர்கள். வெளிச்சம் இல்லை, புகை, பிணம். கோட்டை கொள்ளக்கூடிய அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் உள்ளே. அப்படியும் அவர்கள் குண்டுக்கு அசையவில்லை. கடைசியில் அவர்களை வெளியே கொண்டுவந்தது தண்ணீர். தொட்டியில் இருக்கிறது என்று அளவுக் கம்பி காட்டிய தண்ணீர் தொட்டியில் இல்லை. சண்டை நடுவில்தான் அது தெரிந்தது. ஆளுக்குத் தினம் கால் லிட்டர் என்று ஆகி, பிறகு அதுவும் இல்லாமல், சுவரில் ஊறிய ஈரத்தை நக்கினார்கள். சிறுநீரைக் குடித்தார்கள். அதற்குப் பிறகுதான் சரணடைந்தார்கள். இந்த இடம் வரும்போது வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை. குழாய் வாயில் சேறும் சருகும் அடைத்துக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை பாடம். பிள்ளைகள் யாரும் இல்லை. நான் முட்டி போட்டு, வோ கோட்டைக்குள் வலது கையை முழங்கைவரை விட்டேன்.

கண்ணாடி விரியன். சீறியது எனக்குக் கேட்டது. குக்கர் ஆவி விடுகிற சத்தம் என்றுதான் புத்திக்குப் பட்டது.

அன்று வேலையாகப் பள்ளிக்கு வந்திருந்த கணக்கு வாத்தியார் என்னைப் பைக்கில் உட்கார வைத்து, கையை ஆட்டாதீங்க ஆட்டாதீங்க என்று கத்திக்கொண்டே மலை இறங்கினார். கச்சிராயபாளையம் வருவதற்குள் கை தலையணை மாதிரி ஆகிவிட்டது. ஈறில் ரத்தம் கசிந்து வாய் உப்புக் கரித்தது. கள்ளக்குறிச்சியில் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு கண்ணாடிக் குழாயில் என் ரத்தத்தைப் பிடித்து இருபது நிமிடம் அசையாமல் வைத்தார்கள். நல்ல ரத்தம் அதற்குள் உறைந்துவிடும். சாய்த்துப் பார்த்தால் அப்படியே நிற்கும். என்னுடையது ரோஸ்மில்க் மாதிரி வழிந்தது. விஷம் ரத்தத்தை உறைய விடாமல் செய்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்தைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். அடுத்த நாள் ரத்தம் உறைந்தது. தவமணி அந்தக் குழாயையே கையெடுத்துக் கும்பிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வந்தது. மறுநாள் வரவே இல்லை.

கிட்னி என்பது வடிகட்டி. விஷம் அந்த வடிகட்டியை அடைத்துவிட்டது. உடம்பில் சேரும் கழிவும் வெளியே போகாது, குடிக்கிற தண்ணீரும் வெளியே போகாது. கழிவு ஏறுவதை கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை காட்டும். எனக்கு அது நாளுக்கு நாள் படி ஏறியது. கழுத்து நரம்பில் குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே மெஷினுக்கு அனுப்பிக் கழுவித் திரும்ப விடுவதுதான் டயாலிசிஸ். ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு மணி நேரம்.

டாக்டர் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒளிக்காமல் பேசுவார். "சில பேருக்கு மூணு வாரத்துல கிட்னி திரும்ப முழிச்சிக்கும் சார். சில பேருக்கு முழிக்காது. உங்களுக்கு எப்டின்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"முழிக்கலன்னா?" என்றாள் தவமணி.

"முழிக்கலன்னா இந்த மெஷினோடதாம்மா."

பிறகு தண்ணீர்க் கணக்கைச் சொன்னார். நேற்று எவ்வளவு சிறுநீர் போனதோ, அதோடு ஐந்நூறு மில்லி. இன்றைக்கு அவ்வளவுதான் குடிக்கலாம். ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். எனக்கு ஒரு நாள் முழுக்க வந்ததே அறுபது மில்லி.

சிஸ்டர் ஒரு கோடு போட்ட நோட்டையும், அளவு குறித்த பிளாஸ்டிக் கேனையும் தவமணி கையில் கொடுத்தார். "குடிக்கறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம். ஒரு சொட்டு வுடாம எழுதுங்கம்மா. டாக்டர் இத பாத்துதான் எல்லாம் முடிவு பண்ணுவாங்க."

என் வலது கை பேனா பிடிக்கிற நிலையில் இல்லை. அதனால் நோட்டு தவமணியுடையது ஆனது. அவளுக்கும் நோட்டு எழுதுவது புதிதா என்ன, இருபது வருடமாக எழுதுகிற வேலைதானே என்று சிஸ்டரிடம் நான் பெருமையாகச் சொன்னேன்.

இங்கே தவமணியின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கையை அவள் எப்போதும் இரண்டு கூட்டித்தான் எழுதுவாள். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிற மூன்று வயது, நாலு வயது வாண்டுகள் இரண்டு பேராவது தினமும் இருப்பார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு இடம் இல்லை. "நிக்கறத பாத்துட்டு எப்டிங்க கரண்டிய கீழ வெக்கறது?" என்பாள். இரண்டு கூட்டி எழுதினால் இரண்டு வயிறு நிறையும். அவளுடைய நோட்டு அப்படிப்பட்டது.

தாகம் என்றால் தொண்டை வறட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் அப்படித்தான் பாடமும் நடத்தியிருக்கிறேன். அது இல்லை. நாக்கு வாய்க்குள் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளாக ஆகிவிடுகிறது. காது கூர்மையாகிறது. மூன்று கட்டில் தள்ளி ஒருவர் பாட்டில் மூடியைத் திருகினால் எனக்குக் கேட்கும். வாசலில் சொட்டும் குழாயை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணுவேன். தவமணி மூடியில் ஊற்றித் தருவாள். மூடியை நக்கிவிட்டுத் திருப்பித் தருவேன். வாத்தியார் வேலை, மரியாதை எல்லாம் முதல் நாலு நாளோடு போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறேன். ஒருமுறை கெட்ட வார்த்தையும் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் கோவிந்தன் இருந்தார். ரிஷிவந்தியம் பக்கம், கரும்பு வெட்டுகிற கூலி. இரண்டு வருடமாக டயாலிசிஸ். அந்த முறை காய்ச்சல் வந்து சேர்த்திருந்தார்கள். சர்க்கரையில் கண் முக்கால்வாசி போய்விட்டது. அவர்தான் எனக்கு வறுத்த புளியங்கொட்டை கொடுத்தார்.

"தண்ணிய நெனைக்காதீங்க சார். நெனைக்க நெனைக்க ஜாஸ்தி ஆவும். இத்த கன்னத்துல ஒதுக்கிக்கினு கெடங்க. கடிக்காதீங்க. எச்சி ஊறும்."

ஊறியது. கொஞ்சம்.

நாங்கள் படுத்திருந்த வார்டின் கடைசியில் ஒரு நடைபாதை. அந்தப் பக்கம் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூசி வராமல் இருக்க நடைபாதையின் குறுக்கே மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பட்டப்பகலிலும் அங்கே இருட்டாக இருக்கும். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் யாரோ இரும்பால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கொத்தனார் வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தட்டுவது நின்றால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். சுரங்க வழியில் சத்தம் நின்றால் அடுத்து குண்டு எறியப் போகிறார்கள் என்று பொருள்.

ரத்தத்தில் கழிவு ஏறினால் புத்தி தடுமாறும், இல்லாதது தெரியும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டதால் ஒரு பயனும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்வையாளர்களை அனுப்பிவிட்டு, சாப்பாட்டு வண்டியும் போன பிறகு, வார்டு அமுங்கிப் போய்க் கிடக்கும். அப்போது மணல் மூட்டைக்கு இந்தப் பக்கம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் முதுகு சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. முகமெல்லாம் சேறு. என்னைப் பார்க்க மாட்டார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த டம்ளரையே பார்ப்பார்கள். நான் டம்ளரைக் கையால் மூடிக்கொள்வேன். அதில் ஒன்றும் இருக்காது.

ஜன்னல் கம்பியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. வோ கோட்டையிலிருந்து கடைசியாக ஒரு புறாவைத்தான் செய்தியோடு அனுப்பினார்கள். விஷப்புகையில் பறந்து, செய்தியைக் கொடுத்துவிட்டுச் செத்தது அது. நான் தவமணியை அழைத்து, அதன் காலில் ஒரு சீட்டுக் கட்டு என்றேன்.

"இன்னான்னு எழுதட்டும்?"

"தண்ணி இல்லன்னு எழுது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு துண்டால் புறாவை விரட்டிவிட்டு, வெளியே போய் நின்று அழுதாள். இது எனக்கு நினைவில்லை. கோவிந்தன் சொன்னது.

கோவிந்தன் சொன்ன இன்னொன்றுதான் என்னைக் கலக்கிவிட்டது. பத்தாவது நாள் என்று நினைக்கிறேன், டயாலிசிஸ் முடிந்து எனக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, "சார், மூணு நாளா மத்தியானத்துல இங்க ஒருத்தன் வரான்" என்றார்.

"யாரு?"

"தெரில. எனுக்கு உருவந்தான் தெரியும், மூஞ்சி தெரியாது. என் தலமாட்டாண்ட வந்து நிக்கறான். செவுத்துல வாய வெச்சி நக்கறான் சார். நாய் தண்ணி குடிக்கற மாறி சத்தம்."

வோ கோட்டைக் கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை. புலம்பலில் உளறியிருப்பேனோ என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் தலைமாட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம்தான் டயாலிசிஸ் அறை, ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் ஈரமாக வேர்த்திருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா அவன?"

"இன்னான்னு சொல்றது? அவனுக்கு இன்னா தாகமோ" என்றார் கோவிந்தன்.

அன்று சாயங்காலம் தவமணி என் முகம் துடைக்கும்போது, "ஏங்க, இன்னாது வாயெல்லாம் வெள்ளையா கீது?" என்றாள். வயிற்று எரிச்சலுக்குக் கொடுக்கிற வெள்ளை மருந்தாக இருக்கும் என்றேன். அன்றைக்கு அந்த மருந்து எனக்குக் கொடுக்கவில்லை. அது இருவருக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் நோட்டில் சிறுநீர் இருநூறு மில்லி என்று இருந்தது. டாக்டர் அம்மா நோட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மறுநாள் முந்நூற்றைம்பது. அதற்கடுத்த நாள் ஐந்நூறு. "பரவால்லியே ஏழுமலை சார், முழிச்சிக்குது போலருக்கே" என்று என் காலைத் தட்டினார். கிரியாட்டினின் இறங்கவில்லைதான். அது மெதுவாகத்தான் இறங்கும், முதலில் சிறுநீர்தான் கூடும் என்றார். எடை பார்க்கிற மெஷினில் என்னால் நிற்க முடியவில்லை, தலை சுற்றியது. அதனால் எடையும் எடுக்கவில்லை. அடுத்த டயாலிசிஸை ஒரு நாள் தள்ளிப் பார்க்கலாம், தண்ணீர் ஒரு லிட்டர்வரை குடிக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

ஒரு லிட்டர்! முதல் டம்ளரை நான் எப்படிக் குடித்தேன் என்று எழுதத் தெரிந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன். தவமணி கட்டிலில் உட்கார்ந்து, நான் குடிப்பதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் இல்லை, அவளுக்கும் தொண்டை நனைந்த மாதிரி இருந்தது அவள் முகம். மகள் சேலத்தில் விடுதியில் இருந்தாள். பரீட்சை நேரம் என்று அவளிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தோம். அன்று போனில், "அப்பா நல்லா ஆயிட்டாரும்மா" என்று தவமணி சிரித்தாள்.

அடுத்த நாள் விடியற்காலை எனக்குப் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு இல்லை, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் வருகிறது. நெஞ்சுக்குள் கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி சத்தம். இருமினால் இளஞ்சிவப்பாக நுரை. தரையில் நின்றுகொண்டே மூழ்குவது என்றால் அதுதான். வெளியே போகாத தண்ணீர் நுரையீரலில் ஏறிவிட்டது. ஆக்சிஜன் முகமூடியைப் போட்டு, கட்டிலோடு ஓடினார்கள். மெஷினில் போட்டு இரண்டரை லிட்டர் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார்கள். சாவேன் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயத்தில் படுக்கையைக் கெடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சிஸ்டரே குழாய் போட்டு, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை அளந்தார். எழுபது மில்லி.

டாக்டர் அம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவமணியைக் கட்டில் பக்கத்தில் நிறுத்தினார். வார்டே பார்த்தது.

"யாருமா இத எழுதினது?"

"நான்தாங்க."

"ஐநூறு வந்துச்சா?"

தவமணி நோட்டையே பார்த்தாள்.

"வந்துச்சாம்மா? சொல்லுங்க."

"வரல. தண்ணி கேட்டுக் கெஞ்சறாருங்க. அத்த பாக்க முடில. கூட்டி எழுதினா கூடத் தருவீங்கன்னு… ரெண்டு டம்ளர்ல இன்னா ஆயிடும்னு நெனைச்சிட்டேன்."

"உங்க வூட்டுக்காரர நீங்களே கொல்லப் பாத்தீங்க. புரியுதா?"

தவமணி தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கோவிந்தன் மட்டும், "வுடுங்கம்மா, பாவம்" என்றார். நான் முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டேன்.

நோட்டு சிஸ்டர் கைக்குப் போனது. தவமணி அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர் தரவே பயந்தாள். சிஸ்டரைக் கூப்பிட்டு, அவர் அளந்து ஊற்றினால்தான் டம்ளரைத் தொடுவாள். இருபதாவது நாள் நூற்றிருபது வந்தது. பிறகு இருநூறு. பிறகு நானூறு. இந்த முறை சிஸ்டர் எழுதிய எண்கள். இருபத்தாறாவது நாள் இரண்டு லிட்டர் போனது, வார்டே கைதட்டாத குறை. கிட்னி முழித்துக்கொண்டது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். போகிற அளவுக்குக் குடியுங்கள், குறையக் கூடாது என்று இப்போது தலைகீழாகச் சொன்னார்கள்.

கோவிந்தன் அதற்கு முன்பே காய்ச்சல் முற்றி வேறு வார்டுக்குப் போயிருந்தார். நான் விசாரிக்கச் சொன்ன அன்று, காலையில்தான் இறந்தார் என்று சிஸ்டர் சொன்னார். அவர் கொடுத்த புளியங்கொட்டையில் ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. எனக்குத் தண்ணீர் திரும்பக் கிடைத்துவிட்டது. அவருக்கு ஒரு நாளும் கிடைத்திருக்காது என்று நினைத்து அழுதேன்.

வீட்டுக்குப் போகிற அன்று, தவமணி மருந்து வாங்கப் போன நேரத்தில், காலியாகிவிட்ட கோவிந்தன் கட்டிலுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தேன். ஈரம் ஊறிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு போய், உள்ளே சிமெண்ட் தெரிந்தது. கிட்டே போனேன். என் வாய் அதற்கு நேராக இருந்தது. குனியவும் வேண்டியிருக்கவில்லை, எம்பவும் வேண்டியிருக்கவில்லை. வாயில் இருந்த வெள்ளை எந்த மருந்து என்று அப்போது விளங்கியது. கோவிந்தன் மூன்று நாள் பார்த்த ஆள் நான்தான்.

ஆனால் அதற்குக் கீழே, என் இடுப்பு உயரத்தில், இன்னொரு இடமும் அதே மாதிரி தேய்ந்திருந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் வாய் எட்டுகிற உயரம். அது கோவிந்தனுடையதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இப்போது பள்ளிக்குப் போகிறேன். பாம்பு இருந்த அந்தச் சிமெண்ட் குழாயைத் தலைமை ஆசிரியர் எடுத்தெறியச் சொல்லிவிட்டார். போன வாரம் வெர்டூன் வந்தது. தொட்டியின் அளவுக் கம்பி பொய் காட்டியது என்று வழக்கம்போலச் சொன்னேன். அதை அளக்கிறவர்களுக்குத் தெரியாமலா இருந்தது சார் என்று ஒரு பெண் கேட்டாள். வருடா வருடம் நடத்துகிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. தெரியவில்லையம்மா என்றேன். மேலே பாடம் ஓடவில்லை.

நான் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். தவமணி நோட்டில் எழுதும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் எனக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. கேனை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதில் அடியிலிருக்கிற முதல் கோடு நனைகிற அளவுக்குத்தான் இருந்தது என்று என் கட்டிலிலிருந்தே தெரிந்தது. அவள் நோட்டை மடியில் வைத்து இருநூறு என்று எழுதினாள். நான் இமையைத் தாழ்த்தித் தூங்குகிற மாதிரி கிடந்தேன். மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தண்ணீர் கிடைக்காது. பிறகு வார்டு முழுக்கப் பார்க்க அவளைக் கொலைகாரி மாதிரி நிறுத்தியபோதும் வாயைத் திறக்கவில்லை. முகமூடி இருந்தது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டியிருக்கலாம். இடது கை நன்றாகத்தான் இருந்தது.

இதுவரை எழுதி, நேற்று ஞாயிற்றுக்கிழமை தவமணியிடம் கொடுத்தேன். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள்தான். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு, சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்தபடியே படித்தாள். புறா வருகிற இடத்தில் சிரித்தாள். கடைசித் தாளை இரண்டு முறை படித்தாள்.

"எனுக்குத் தெரியுங்க" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீங்க முழிச்சிக்கினுதான் இருந்தீங்கன்னு. நான் பேனாவ எடுத்தா உங்க தொண்ட ஏறி எறங்கும். தூங்கறவனுக்கு அப்டி எறங்குமா?"

"தெரிஞ்சா அப்புறம் ஏன் எழுதின?"

அவள் தாள்களை முனை சேர்த்துத் தட்டி அடுக்கினாள்.

"ஒவ்வொரு வாட்டியும் எழுதறதுக்கு முன்னாடி உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். வாணாம் தவமணின்னு ஒரு வார்த்த வருமான்னு."

தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு, அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.